கைக்குழந்தைக்குக் குரல் கம்மிவிட்டது, என்னென்ன காரணமாக இருக்கும்?

தாராபுரத்துக்காரி:
வணக்கங்க. எங்கள் பாப்பாவுக்கு நாலு மாதம் நடக்கிறது. அவள் அழுதால் எதிர் வீட்டுக்குக் கேட்கும், அப்படி ஒரு கணீர்க் குரல். ஒரு வாரத்துக்கு மேலாகக் கரகரவென்று வருகிறது, அதிலும் காலையில் எழுந்ததும் அழுகிற முதல் அழுகையில் பாதி வெறும் காற்றாகப் போகிறது. காய்ச்சல் இல்லை. சளி லேசாக இருந்தது, அது போய்விட்டது, குரல் மட்டும் திரும்பவில்லை. பால் நன்றாகக் குடிக்கிறாள், ஆனால் குடித்து முடித்ததும் கக்குகிறாள், சில நேரம் அரை மணி நேரம் கழித்துத் திரிந்த பாலாக வருகிறது. பக்கத்து ஊர் டாக்டர் மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்தார், பார்க்கலாம் என்றார். அத்தை, சீர் தட்டியிருக்கும், மந்திரித்துவிட்டு வரலாம் என்கிறார். குளிக்க வைக்க வருகிற பாட்டி தினமும் தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுக்கிறார், அப்போதுதான் பாப்பா மூச்சு முட்ட அழுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா கழுதைப்பால் ஒரு சங்கு ஊற்றச் சொல்கிறார். வீட்டுக்காரருக்குக் காங்கேயத்துப் பக்கம் அரிசி ஆலையில் வேலை, அவர் சட்டையில் வருகிற தவிட்டுத் தூசியாக இருக்குமோ என்றும் யோசனை ஓடுகிறது. யாருக்காவது இப்படி இருந்ததா? எப்போது இ.என்.டி. டாக்டரிடம் போக வேண்டும்?

பல்லடத்து_அப்பா:
எங்கள் பையனுக்குக் குலதெய்வம் கோவிலில் மொட்டை அடித்துக் காது குத்தினோம், வெயில், கூட்டம், ஒறம்பரை ஆளுக்கு ஆள் தூக்கிக்கொண்டே இருந்ததில் மதியம் வரைக்கும் அழுதான். மறுநாள் சத்தமே வரவில்லை. எங்கள் அம்மா பயந்துவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, அழுது அழுது தொண்டை கட்டியிருக்கிறது, தாய்ப்பால் மட்டும் அடிக்கடி கொடுங்கள், அழவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு மூன்று நாளில் பழைய குரல் வந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு ஒரு வாரம் தாண்டிவிட்டது என்கிறீர்கள், அதனால் இதையே சொல்லி உங்களைச் சும்மா இருக்கச் சொல்ல மாட்டேன்.

கோபி_சிஸ்டர்:
குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன், டாக்டர் இல்லை. அதனால் உங்கள் பாப்பாவுக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் சத்தத்தை விட்டுவிட்டு மூச்சைப் பாருங்கள். பாப்பா தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாக வரும், சின்னக் குழந்தைகளுக்கு மூச்சு ஒரே சீராக இருக்காது. 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும் போனால் அது வேக மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, கழுத்துக்குழி உள்ளே போகிறதா, மூக்கு விடைக்கிறதா, இழுக்கும்போது ‘ஈஈ’ என்று ஒரு சத்தம் வருகிறதா என்று பாருங்கள். குரல் கம்மலோடு இதில் எது இருந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்க முடியாமல் விட்டு விட்டு மூச்சு வாங்கினாலும், எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டாலும் இந்த இழையில் பதில் வருமென்று காத்திருக்காதீர்கள், 108-க்குக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கைக்குழந்தைக்குக் குரல் நாணுக்குக் கீழே இருக்கும் இடம் ரொம்பக் குறுகல், ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் போதும், காற்றுப் போகிற பாதை கால் பங்காகிவிடும். பெரியவர்களுக்கு அதே வீக்கம் வெறும் தொண்டைக்கட்டு.

இனிக் கேள்விகள். பிறந்தபோதே குரல் இப்படி இருந்ததா, நடுவில் மாறியதா? பிறந்ததும் என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, மூச்சுக்கு டியூப் போட்டார்களா? ஆயுதப் பிரசவமா? பால் குடிக்கும்போது புரை ஏறுகிறதா? உடம்பில் சிவப்பு மச்சம் ஏதாவது புதிதாக வளர்கிறதா? எடை ஏறுகிறதா? தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றா?

தாராபுரத்துக்காரி:
சிஸ்டர், இப்போதுதான் தூங்குகிறாள், எண்ணிப் பார்த்தேன், 38 வந்தது. குழி எதுவும் விழவில்லை. சுகப்பிரசவம்தான், டியூப் எதுவும் போடவில்லை. குரல் நடுவில்தான் மாறியது. சிவப்பு மச்சம் இல்லை. புரை ஏறுவதில்லை, ஆனால் பால் குடித்துக்கொண்டே இருக்கும்போது முதுகை வில்லாக வளைத்து அழுகிறாள். எடை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள், ஏறியிருக்கிறது. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத்து ஊசி மூன்றும் போட்டாயிற்று.

கோபி_சிஸ்டர்:
நல்லது. அந்த மூன்று தவணையில் தொண்டை அடைப்பான் தடுப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஊசி போடாத குழந்தைக்குக் குரல் கம்மி, கழுத்து வீங்கி, தொண்டையில் சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் அது டிப்தீரியாவாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து, அதற்காகத்தான் கேட்டேன்.

முதுகை வளைப்பது, கக்குவது, காலையில் கரகரப்பு அதிகம் என்பதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பால் மேலே வருவது ஒரு காரணமாக இருக்கலாம். இரைப்பையின் வாய் இந்த வயதில் இறுக மூடாது, மூடி இறுகாத தூக்குப்போசியைச் சாய்த்த மாதிரி படுக்க வைத்ததும் மேலே ஏறும், அந்தப் புளிப்பு குரல்வளையின் பின்பக்கத்தில் பட்டுப் பட்டுச் சிவந்து வீங்கும். கக்குகிற குழந்தைக்கெல்லாம் இப்படி ஆகாது, முக்கால்வாசிப் பேர் கக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே கிடப்பார்கள், அதற்கு மருந்தே வேண்டாம். அந்தப் பாட்டி விரல் விடுவதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இது ரொம்ப முக்கியம்.

உடுமலை_அம்மிச்சி:
கண்ணு, பயப்படாதே. நான் என் பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் இந்தக் கையால்தான் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். உரைகல்லில் வசம்பு, சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஒவ்வொன்றையும் ரெண்டு இழுப்பு உரைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவோம். குரல் கம்மினால் வசம்பைச் சுட்டுக் கொஞ்சம் தேனில். கழுதைப்பால்காரர் தெருவில் வருவார், எதிரிலேயே கறந்து ஒரு சங்கு ஊற்றுவோம். குளிக்க வைத்து எடுத்ததும் சாம்பிராணிப் புகை. சளியை எடுக்காமல் விட்டால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும், அதனால்தான் விரல் விட்டு எடுப்பது. டாக்டர் எல்லாம் இப்போது வந்தவர்கள்.

பெருந்துறை_மருந்தாளுநர்:
அம்மா, கோவித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கையால் வளர்ந்த பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நாலு மாதக் குழந்தையின் தாய் இதைப் படித்துவிட்டு இன்றைக்கு ராத்திரியே செய்துவிடுவார், அதனால் சொல்லியே ஆக வேண்டும்.

தேன் ஒரு வயது வரைக்கும் ஒரு துளிகூடக் கூடாது. சேனை வைக்கிறோம் என்று பிறந்த அன்றைக்கே வைப்பதும் கூடாது. தேனில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அதன் அறிகுறி என்ன தெரியுமா? மலச்சிக்கல், கண்ணிமை தொங்குவது, தலை நிற்காமல் துவண்டு போவது, அழுகை ஈனமாக வருவது. குரலைச் சரி செய்யத் தேன் கொடுக்கப் போய், குரல் போகிற நோயைக் கொடுத்ததாக ஆகிவிடும். அரிதுதான், ஆனால் வந்தால் வென்டிலேட்டர் வரைக்கும் போகும்.

கழுதைப்பால் காய்ச்சாத பால், கறக்கிற கையும் சங்கும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம். உரை மருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கு அளவே கிடையாது. சாம்பிராணி, கொசுவத்தி, பீடி மூன்றும் வீங்கியிருக்கிற குரல்வளைக்கு எரிச்சல்தான். மூக்கில் எண்ணெய் விடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது நுரையீரலுக்குள் இறங்கினால் எண்ணெயாலேயே நிமோனியா வரும்.

விரல் விடுவது பற்றி: வெளியே வருகிற கோழை நெஞ்சில் இருந்த கோழை அல்ல. விரல் பட்டதும் குழந்தை ஓங்கரிக்கும், அதில் வருகிற எச்சிலும் பாலும்தான். நகம் பட்டுத் தொண்டையில் கீறல் விழும், வீங்கும், ரத்தம்கூட வரும். தினமும் இதைச் செய்து, தினமும் குழந்தை உயிர் போகிற மாதிரி கத்தினால் குரல் எப்படித் திரும்பும்?

உடுமலை_அம்மிச்சி:
தேன் விஷயம் எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை சாமி. எங்கள் பேத்தி வீட்டிலும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றுவதை விடச் சொல்லாதே. அதில் குழந்தை எப்படித் தூங்கும் என்று எனக்குத் தெரியும்.

கோபி_சிஸ்டர்:
அதை யாரும் விடச் சொல்லவில்லை அம்மிச்சி. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பது நல்லதுதான், மூக்கு, காது, வாய் மூன்றிலும் எதுவும் போகக் கூடாது, அவ்வளவுதான். ஆவி பிடிப்பது மட்டும் வேண்டாம். போர்வைக்குள் குழந்தையோடு கொதிக்கிற சட்டியை வைத்து வெந்து போன குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால் பலன் என்று நிரூபித்ததும் எதுவும் இல்லை.

சத்தி_ரோடு:
நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும், சிவப்பு மச்சம் என்று சிஸ்டர் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மகளுக்குப் பிறக்கும்போது ஒன்றும் இல்லை, சில வாரத்தில் கீழுதட்டுக்குக் கீழேயும் தாடையிலும் செக்கச்செவேலென்று திட்டு எழும்பியது. அழகாக இருக்கிறது, கண்பட்டுவிடும் என்று அதன்மேல் மை வைத்தோம். இரண்டாவது மாதத்தில் குரல் கம்மியது, அப்புறம் மூச்சு இழுக்கும்போது சத்தம். ஒரு கிளினிக்கில் வீசிங் என்று சொல்லி நெபுலைசர் வைத்தார்கள், கொஞ்சம் அடங்கும், திரும்ப வரும், திரும்பப் போவோம். கடைசியில் கோவையில் ஒரு குழந்தை மருத்துவர் அந்தத் தாடைச் சிவப்பைப் பார்த்ததுமே, உடனே ஸ்கோப் பார்க்க வேண்டும் என்றார். தாடி வளர்கிற இடத்தில் இந்த ரத்தக்குழாய்க் கட்டி இருக்கிற குழந்தைக்குக் குரல்வளைக்குக் கீழேயும் அதே கட்டி இருக்க வாய்ப்பு உண்டாம். இருந்தது. மூச்சுப்பாதையில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது.

ப்ரோப்ரனலால் என்ற மருந்து, பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பது, அதை மருத்துவமனையில் படுக்க வைத்து, நாடித் துடிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்கள். சீக்கிரமே மூச்சுச் சத்தம் குறைந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள், பேசிக் கொல்கிறாள். தயவுசெய்து குழந்தை மருத்துவரிடம் போகும்போது குழந்தையை முழுதாகத் துணி விலக்கிக் காட்டுங்கள், மை வைத்து மறைக்காதீர்கள்.

தாராபுரத்துக்காரி:
அந்த ஸ்கோப் எப்படிங்க எடுப்பார்கள்? மயக்க மருந்து கொடுப்பார்களா? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சத்தி_ரோடு:
முதலில் பார்த்ததற்கு மயக்க மருந்து இல்லை. என் மடியிலேயே உட்கார வைத்து, ஒரு துணியில் கையைச் சேர்த்துச் சுற்றி, நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமனான வளைகிற குழாய், நுனியில் வெளிச்சம், மூக்கு வழியாக விட்டார்கள். அவள் அழுதாள், அழுதால்தான் குரல் நாண் இரண்டும் அசைகிறதா என்று தெரியும், அழட்டும் என்றார் டாக்டர். திரையில் நானே பார்த்தேன், வெள்ளையாக இரண்டு கோடு திறந்து திறந்து மூடியது. சில நிமிடத்தில் முடிந்தது, கொஞ்ச நேரத்தில் பால் கொடுக்கச் சொன்னார்கள். குரல் நாணுக்குக் கீழே இன்னும் விவரமாகப் பார்க்க வேண்டி வந்தபோதுதான் தியேட்டரில் மயக்கம் கொடுத்தார்கள்.

கரூர்_அண்ணன்:
எங்கள் அக்கா மகனுக்கு எடை குறைவாகப் பிறந்து, இதயத்தில் மூட வேண்டிய ரத்தக்குழாய் மூடாமல் இருந்து, அறுவை செய்து கட்டினார்கள். அதற்குப் பிறகு அழுகை பூனைக்குட்டிச் சத்தமாகிவிட்டது, பால் குடித்தால் புரை ஏறும். இடது குரல் நாணுக்குப் போகிற நரம்பு மார்புக்குள் இறங்கி, பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுமாம், அந்த இடத்தில் அறுவை செய்யும்போது நரம்பு அடிபட வாய்ப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். உயிருக்கு முன்னால் அது பெரிதில்லை என்று கையெழுத்துப் போட்டோம். ஒரு பக்கமாகப் படுக்க வைத்து மெதுவாகப் பால் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வயதுக்குள் குரல் ஓரளவு வந்துவிட்டது, இன்னொரு நாண் நகர்ந்து வந்து சேர்ந்துகொள்கிறது என்றார் டாக்டர்.

கோபி_சிஸ்டர்:
ஆமாம், ஒரு பக்கக் குரல் நாண் மட்டும் அசையாமல் போனால் பல குழந்தைகள் இப்படிச் சமாளித்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் அசையவில்லை என்றால் கதை வேறு, அப்போது அழுகைக் குரல் நன்றாகவே இருக்கும், மூச்சுதான் திணறும், தலைக்குள் நீர் கோத்திருக்கிறதா என்பது வரைக்கும் பார்ப்பார்கள். என்.ஐ.சி.யு.வில் டியூப் போட்டு எடுத்த குழந்தைக்கு அந்த இடம் தழும்பேறிச் சுருங்குவதும் உண்டு. பிறவியிலேயே இரண்டு நாணுக்கும் நடுவில் சவ்வு ஒட்டியிருப்பது, நீர்க்கட்டி இருப்பது இதெல்லாம் முதல் அழுகையிலேயே தெரியும். இன்னொன்று, மாதக் கணக்கில் குரல் மோசமாகிக்கொண்டே போனால் குரல் நாணில் பாலுண்ணி போல வளர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், எச்.பி.வி. வைரஸின் 6, 11 வகைகளால் வருவது, பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரலாம்.

நிறையப் பேர் லாரிங்கோமலேசியாவையும் குரல் கம்மலையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அது குரல்வளையின் மேல்பகுதி தளர்வாக இருப்பது, அதில் மல்லாக்கப் படுத்தால் மூச்சு இழுக்கும்போது கொர்கொர் சத்தம் வரும், அழுகைக் குரல் நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் ஒன்றரை இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகும். சத்தமும் இருந்து குரலும் கம்மியிருந்தால் வேறு ஏதோ இருக்கிறது என்று தேட வேண்டும்.

சோமனூர்_தறி:
எங்கள் வீட்டில் முன்பக்கம் தறி, பின்பக்கம் நாங்கள் குடியிருக்கிறோம். காலையில் தொட்டிலைத் துடைத்தால் சாயங்காலம் பஞ்சு படிந்திருக்கும். எங்கள் சின்னவனுக்கு ஆறு மாதம், அடிக்கடி தொண்டை கம்முகிறது. பஞ்சுதான் காரணமா? ஒரு ராத்திரி திடீரென்று நாய் குரைக்கிற மாதிரி இருமினான், அதற்கு என்ன பெயர்?

கோபி_சிஸ்டர்:
குரைக்கிற மாதிரி இருமல், குரல் கம்மல், ராத்திரியில் அதிகம் என்றால் குரூப். வைரஸால் குரல்வளையும் மூச்சுக்குழாயும் வீங்குவது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை அதிகம். அடுத்த தடவை வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் கொண்டுபோங்கள், டெக்ஸாமெத்தசோன் என்ற வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஒரே ஒரு தவணை எடைக்கு ஏற்பக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அழவைக்காமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே போங்கள், அழ அழ அடைப்பு அதிகமாகும். வாயைத் திறந்து கரண்டி விட்டுப் பார்க்காதீர்கள்.

பஞ்சுத் தூசி, தவிட்டுத் தூசி, கோழிப்பண்ணைத் தூசி இதெல்லாம் தொண்டையை எரிச்சல்படுத்தும், இருக்கிற கம்மலை ஆறவிடாது. ஆனால் தூசிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டு ஸ்கோப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. தொட்டிலைத் தறி இல்லாத அறைக்கு மாற்றுங்கள். வேலை முடிந்து வருகிறவர் குளித்துச் சட்டை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், உங்கள் சின்னவன் கையில் கிடைப்பதை வாயில் போடுகிற வயதுக்கு வந்தாயிற்று. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று புரை ஏறி, அதிலிருந்து குரல் மாறினால், கடலைப்பருப்போ பட்டனோ உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் நினைக்க வேண்டும்.

நொய்யல்_டீச்சர்:
பத்தியம் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு மாதக் கணக்கில் வெள்ளைச் சோறு, பூண்டு ரசம், சுட்ட கருவாடு, அவ்வளவுதான். பருப்பு வாயு, கடலை பித்தம், கீரை குழந்தைக்குப் பேதி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தாய்க்கு பி1 விட்டமின் குறைந்தால் பால் குடிக்கிற குழந்தைக்குக் குரல் போகும் என்று படித்திருக்கிறேன், உண்மையா?

கோபி_சிஸ்டர்:
உண்மைதான் டீச்சர், நல்ல வேளை கேட்டீர்கள். தயமின், அதாவது அந்த பி1, குறைவதால் கைக்குழந்தைக்கு வருகிற பெரிபெரியில் ஒரு வகை அப்படி இருக்கும், முகம் அழும், வாய் திறந்திருக்கும், சத்தம் வராது, அல்லது கரகரப்பாக வரும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற சில மாதக் குழந்தைகளிடம் பார்ப்பது. கூடவே வாந்தி, மூச்சு வாங்குதல், பால் மறுப்பது இருந்தால் இதயம் பாதிக்கப்படுகிறது என்று பொருள், நேரம் கடத்தக் கூடாது. தயமின் ஊசி போட்டால் இதயம் சீக்கிரமே தேறும், குரல் திரும்பக் கொஞ்சம் நாள் ஆகலாம். இப்போது நம் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை, ஆனால் தாய் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டால்தான் டாக்டருக்கே அந்த யோசனை வரும். தீட்டிய அரிசியைப் பல தண்ணீர் விட்டுக் கழுவிக் கஞ்சி வடித்தால் அதில் மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம். கொள்ளு, பாசிப்பயறு, நிலக்கடலை, கம்பு, ராகி இதெல்லாம் பிள்ளை பெற்றவளுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

தாராபுரத்துக்காரி:
கோவையில் காட்டிவிட்டு வந்தோம். ஸ்கோப் சத்தி ரோடு அக்கா சொன்ன மாதிரியேதான் எடுத்தார்கள். இரண்டு நாணும் நன்றாக அசைகிறது, கட்டி எதுவும் இல்லை. பின்பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது, தொண்டையின் ஒரு பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிற கீறலும் இருக்கிறது என்று திரையில் காட்டினார். விரல் விடுவது உண்டா என்று அவராகவே கேட்டார். பால் மேலே வருவதற்கு இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டி, இருபது நிமிடம் நிமிர்த்தி வைத்திருக்கச் சொன்னார். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்கத்தான், தலைக்குத் தலையணை வைக்கக் கூடாது என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அத்தையையும் கூட்டிப் போயிருந்தேன், திரையில் கீறலைப் பார்த்ததும் அவரே பாட்டியிடம் பேசிக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

நாமக்கல்_சித்தி:
இந்த இழையை முழுதும் படித்தேன். எங்கள் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பிறந்ததிலிருந்தே அழுகை தடித்த குரலில் இருக்கிறது, ஆம்பிளைக் குரல் என்று எல்லோரும் கொஞ்சுகிறார்கள். மஞ்சள் காமாலை இன்னும் முழுதாகப் போகவில்லை, காலை வெயிலில் காட்டுகிறோம். தொந்தரவே இல்லாத குழந்தை, எழுப்பி எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் மலம் கழிக்கிறது. தொப்புள் துருத்திக்கொண்டிருக்கிறது. இதுவும் தானாகச் சரியாகுமா?

கோபி_சிஸ்டர்:
நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று நீங்களே வாய் விட்டுச் சொல்லுங்கள். தடித்த அழுகை, விடாத காமாலை, மலச்சிக்கல், எப்போதும் தூக்கம், துருத்திய தொப்புள், இது அத்தனையும் பிறவித் தைராய்டுக் குறைவில் வருவது. அது இல்லை என்று வந்தால் சந்தோஷம். இருந்தால் ஒவ்வொரு நாளும் கணக்கு, ஏனென்றால் மூளை வளர்வதற்கு அந்த ஹார்மோன் வேண்டும், பிறந்த முதல் சில வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும், தள்ளிப்போனால் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஃபைலைத் தேடுங்கள், பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்திருந்தால் டி.எஸ்.எச். என்று ஒரு வரி இருக்கும், அது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு. எல்லா மருத்துவமனையிலும் எடுப்பதில்லை. காகிதம் கிடைக்கவில்லை என்று அதற்காக ஒரு நாள் வீணாக்காதீர்கள், புதிதாகவே எடுத்துவிடலாம்.

அவினாசி_அம்மா:
என் மகனுக்கு இதுதான். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான், வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். எங்களுக்கு அந்தப் பரிசோதனை எடுத்ததால் தெரிந்தது, அவனைப் பார்த்து யாரும் நோய் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நம் வீடுகளில் அழாத குழந்தையைத் தங்கமான குழந்தை என்று சொல்லிவிடுகிறோம், அதுதான் எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது. தயவுசெய்து போங்கள்.

நாமக்கல்_சித்தி:
காட்டிவிட்டோம். ஃபைலில் அந்த வரி இல்லை. டி.எஸ்.எச். ரொம்ப அதிகம் என்று வந்தது, அன்றைக்கே தைராக்ஸின் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். எங்கள் ஊரில் மாத்திரையைக் கிரைப் வாட்டரில் கரைத்துப் பாலாடையில் ஊற்றலாம் என்கிறார்கள், சரியா? ஒரு நாள் கக்கிவிட்டால் என்ன செய்வது?

அவினாசி_அம்மா:
கிரைப் வாட்டர் வேண்டாம். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடி செய்து, கொஞ்சம் தாய்ப்பாலில் குழைத்து, பாலாடையிலோ கரண்டியிலோ கன்னத்துப் பக்கமாக விடுங்கள். முழுப் பால் பாட்டிலில் கலக்காதீர்கள், குழந்தை மீதி வைத்தால் மருந்தும் மீதியாகிவிடும். தினமும் ஒரே நேரம், நாங்கள் காலையில் முதல் பாலுக்கு முன்னால் வைத்துக்கொண்டோம். இரும்புச் சத்து, கால்சியம் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தால் இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், சில மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். சோயா கலந்த பால் மாவும் மருந்தை உடம்பில் சேரவிடாது. கொடுத்த உடனே கக்கிவிட்டால் மறுபடி அதே அளவு கொடுக்கச் சொன்னார் எங்கள் டாக்டர், உங்கள் டாக்டரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைப் பாட்டிலை வெயில் படாத இடத்தில் வையுங்கள். ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியை எக்காரணம் கொண்டும் தள்ளிப் போடாதீர்கள், எடை ஏற ஏற அளவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அக்கா மகளை வேண்டுமானால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், தனிச் செய்தியில் எண் தருகிறேன்.